வகுப்பில் இருந்தவளுக்கு ‘வரவில்லை’ என்று வந்த செய்தி

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், பதினொன்றாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் என்னோடு உட்காரும் மற்றப் பெற்றோருக்கும்,

வணக்கம்.

கடந்த ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பதுக்கு என் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: ‘தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை.’ நான் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து எடை போடும் இடத்தில் நின்றிருந்தேன். நல்ல மழை. எட்டேகால் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டதே நான்தான். கோத்தகிரியில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு அந்த நேரத்தில் மனம் முதலில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த வாரம்தான் எங்கள் லயன் வீடுகளுக்குக் கீழே தேயிலைக்குள் மூன்று காட்டெருமைகள் இறங்கி நின்றிருந்தன. அதற்கு அடுத்தபடியாக மனம் போகும் இடங்களை எழுத விரும்பவில்லை.

ஆட்டோ கிடைக்கவில்லை. பாதி தூரம் நடந்து, மீதி தூரம் கேரட் ஏற்றிப்போன வண்டியில் தொற்றிக்கொண்டு, குடையை எங்கேயோ விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தேன். வகுப்பு வாசலில் நின்று பார்த்தால் மூன்றாவது பெஞ்சில், ஜன்னலோரம், என் மகள் வேதியியல் நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

வகுப்பாசிரியர் அம்மா நிதானமாகச் சொன்னார்: “பெயரை இரண்டு தடவை கூப்பிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உடம்பு மட்டும் வந்தால் போதுமா?” பின்பெஞ்சிலிருந்து ‘சாமியாரம்மா’ என்று ஒரு குரல் எழுந்தது. வகுப்பே சிரித்தது. என் மகளும் அவர்களோடு சேர்ந்து கொஞ்சம் சிரித்தாள். எனக்குத் தாங்காமல் போனது அந்தச் சிரிப்புதான்.

இதை நேரில் பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பேசினேன். பெற்றோர் கூட்டத்தில் எனக்குக் கிடைத்தது இரண்டு நிமிடம். அதில் ஒரு நிமிடம் கழிப்பறையில் தண்ணீர் வராத பேச்சுக்குப் போய்விட்டது (அதுவும் பேச வேண்டிய பேச்சுதான்). கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அரவேணு பக்கத்திலிருந்து வந்திருந்த ஓர் அப்பா என்னை நிறுத்தி, “என் பையனும் இப்படித்தான் அம்மா. வீட்டில் அவனை ஊமை என்றுதான் கூப்பிடுகிறோம்” என்றார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். அவருக்காகவும் சேர்த்துத்தான் இதை எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். பள்ளியின் பெயரை எழுதவில்லை. மகளின் பெயரை எழுதக் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள்.

அன்று மாலை பஸ்ஸில் வரும்போதுதான் அவளிடம் கேட்டேன். அவள் சொன்னது இது: “என் வரிசை எண் முப்பத்துநான்கு. முப்பத்துமூன்று பேர் ‘உள்ளேன் அம்மா’ சொல்லி முடிக்கும் வரை எனக்கு நேரம் இருக்கிறது. ஒரு பெயருக்கு ஒரு மூச்சு. நாள் முழுக்க எனக்கென்று கிடைப்பது அதுதான். இன்றைக்கு இருபதுக்கு மேல் பெயர்கள் காதில் விழவில்லை.”

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள். முப்பத்துமூன்று மூச்சுக்கு எவ்வளவு நேரம் என்று வீட்டில் கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய இரண்டு நிமிடம். பெற்றோர் கூட்டத்தில் எனக்குக் கொடுத்த அதே அளவு.

அந்த வாரம் நான்கு பேர் அவளுக்கு நான்கு நோய் கண்டுபிடித்தார்கள். ஓர் ஆசிரியர், “இந்த வயதில் கண்ணை மூடினால் காதல்தான், போனைப் பாருங்கள்” என்றார். இன்னொருவர் மன அழுத்தம் என்று முடிவு கட்டி, ஊட்டிக்கு அழைத்துப் போகச் சொன்னார். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, “சோலைக்குள் போய் எதையோ கண்டு பயந்திருப்பாள், மந்திரித்துவிடுங்கள்” என்றார். நான்காமவர் நல்ல மனம் படைத்தவர். “தெய்வ கடாட்சம் அம்மா இது, இனிமேல் காலை வழிபாட்டில் இவளையே பாடச் சொல்லலாம்” என்றார். என் மாமியார் பங்குக்கு ரத்தம் குறைவு என்று சொல்லி இரண்டு வாரம் முருங்கைக்கீரைச் சாறு கொடுத்தார். இருந்த மருத்துவங்களில் கெடுதல் இல்லாதது அது ஒன்றுதான்.

நான்கு ஆசிரியர்களில் ஒருவரும் அவளைக் கூப்பிட்டு, “என்னம்மா செய்துகொண்டிருந்தாய்?” என்று கேட்கவில்லை. நானும் யோக்கியமில்லை. பஸ்ஸில் அவளிடம் கேட்பதற்கு முன்னால், அவள் தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, பையைத் துழாவிப் பார்த்துவிட்டேன். ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ், பாதி தின்ற வர்க்கி, காய்ந்த பாசி ஒட்டிய ஒரு குச்சி. அவ்வளவுதான் இருந்தது.

அந்தக் குச்சிக்கு ஒரு கதை உண்டு. நம் ஊர்ப் பக்கத்து லாங்வுட் சோலையை 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்த்தார்களே, அதையொட்டிப் பள்ளியின் பசுமைப் படை மாணவர்களை அங்கே அழைத்துப் போனீர்கள். அப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. 116 ஹெக்டேர் காடு, சுற்றியுள்ள ஊர்களுக்குத் தண்ணீர் தருவது என்றெல்லாம் ஆசிரியர் விளக்கிக்கொண்டிருந்தபோது இவள் கடைசியில் நின்றிருக்கிறாள். மழை இல்லை. ஆனாலும் கிளைகளில் படிந்த பாசியிலிருந்து மூடுபனி சொட்டிக்கொண்டிருந்ததாம். ஒரு சொட்டு விழுந்து அடுத்த சொட்டு விழுவதற்குள், ‘நான்’ என்று தனியாக ஒன்று நிற்பதாகவே தெரியவில்லை என்கிறாள். “பயமாக இருந்ததா?” என்றேன். “இல்லை, வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. பிறகு விசில் ஊதினார்கள்” என்றாள். இதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. பெயர் வைக்கவும் எனக்கு அவசரமில்லை.

நான் பள்ளிக்கூடத்துக்கு எதிரி இல்லை. என் தாத்தா, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து குடும்பத்தோடு வந்தவர். அம்மா ஓய்வு பெறும் வரை கொழுந்து பறித்தார். எங்கள் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் ஆள் நான். அதனால்தான் இன்று கொழுந்துக் கூடையைத் தூக்காமல் அதன் எடையை எழுதுகிறேன். “இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று மலையிலேயே தனிப் பள்ளிகள் இருக்கின்றனவே” என்று ஒருவர் அக்கறையாகச் சொன்னார். அங்கே ஓராண்டுக்குக் கேட்கும் கட்டணம் எங்கள் வீட்டின் மூன்றாண்டுச் சம்பளம். என் மகள் உங்கள் பள்ளியில்தான் படிப்பாள், அங்கேதான் தேறுவாள். நான் கேட்பதெல்லாம் அந்தச் சுவருக்குள் அவள் மூச்சு விட ஓர் இடம்.

அவளுடைய நாளை ஒரு தடவை உங்கள் பக்கத்திலிருந்து பார்க்காமல் அவள் பக்கத்திலிருந்து பாருங்கள். எட்டே முக்காலுக்குச் சிறு தேர்வு. பிறகு ஒலிபெருக்கியில் வழிபாட்டுக் கூட்டம். எட்டுப் பாடவேளை. ஒரு மதிப்பெண் வினாக்களை வகுப்பு மொத்தமும் கூட்டாகக் கத்திச் சொல்லும் மனப்பாடம். மதியம் சாப்பிடும்போதும் வாய்ப்பாடம் ஒப்பிக்க வேண்டும். மாலை ஐந்தரை வரை சிறப்பு வகுப்பு. வாரத்துக்கு ஒரு நீதிபோதனை வகுப்பு கால அட்டவணையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை. ஜூனிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமைகூட அது நடக்கவில்லை. ஒரு வாரம் இயற்பியல் எடுத்துக்கொள்கிறது, மறுவாரம் கணிதம். பதினொன்றாம் வகுப்புக்கு இனிப் பொதுத்தேர்வு இல்லை என்று 2025இல் அரசு அறிவித்தபோது பிள்ளைகளுக்கு ஓராண்டு மூச்சு கிடைத்தது என்று மகிழ்ந்தோம். நீங்கள் அந்த ஓராண்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டீர்கள். உங்கள் மேல் இருக்கும் தேர்ச்சி விகித நெருக்கடி எனக்குத் தெரியும். எங்கள் தொழிற்சாலையிலும் மாதக் கடைசியில் அப்படித்தான்.

சிறப்பு வகுப்பு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ரமண மகரிஷி மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர். 1896 ஜூலையில், பதினாறு வயதில், சாவு வந்துவிட்டது போன்ற அந்த மரண அனுபவம் அவருக்கு நேர்ந்தது. அதற்குப் பிறகு பாடத்தில் மனம் செல்லவில்லை. ஆகஸ்ட் 29ஆம் தேதி, ஆங்கில இலக்கணப் பாடத்தை மூன்று தடவை எழுதிவரச் சொன்ன தண்டனையை வீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை எழுதியவர் மூன்றாவதை எழுதாமல் நோட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டார். பள்ளியில் சிறப்பு வகுப்பு இருக்கிறது என்று சொல்லித்தான் வெங்கடராமன் (அதுதான் அப்போது அவர் பெயர்) அன்று வீட்டை விட்டுக் கிளம்பினார். அண்ணனின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று எடுக்கச் சொன்ன ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு, திருவண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். உன் சம்பளம் இன்னும் கட்டவில்லை என்று கடிதத்தின் அடியில் மறக்காமல் குறித்தும் வைத்திருந்தார்.

இந்தக் கதையை எல்லோரும் மகனின் கதையாகச் சொல்கிறார்கள். நான் அவருடைய அம்மா அழகம்மாளின் கதையாகத்தான் படிக்கிறேன். இரண்டு ஆண்டுக்கு மேல் தேடி, 1898 டிசம்பரில் திருவண்ணாமலைப் பவழக்குன்றில் மகனைக் கண்டுபிடித்து, வீட்டுக்கு வா என்று நாள் கணக்கில் அழுதிருக்கிறார் அந்த அம்மா. மகன் வாய் திறக்கவில்லை. ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அழகம்மாள் அந்த மகன் இல்லாமலே திரும்பிப் போனார்.

என் மகள் ரமணர் என்று நான் சொல்லவில்லை. சொன்னால் அவளே முதலில் சிரிப்பாள். அவள் நாய்க்குட்டிக்குச் சோறு வைக்க மறந்து திட்டு வாங்குகிற சாதாரணப் பெண். ஆனால் மூன்று ரூபாயோடு கிளம்ப வேண்டிய நிலைமை ஒரு பிள்ளைக்கு வரக் கூடாது, அழகம்மாள் அழுத அழுகையை நான் அழக் கூடாது. இருக்கிற வீட்டிலும் இருக்கிற பள்ளியிலும் அவளுக்குக் கொஞ்சம் இடம் விட்டால் அவள் எங்கேயும் போக மாட்டாள். என் கவலை இவ்வளவு சின்னதுதான்.

கேலியைவிட என்னைப் பயமுறுத்துவது அந்த நான்காவது ஆசிரியரின் நல்ல மனம். ‘தெய்வ கடாட்சம்’ என்ற சொல் எப்படியோ வெளியே பரவிவிட்டது. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பெண்கள் இருவர் தங்கள் பேனாக்களைக் கொண்டுவந்து, தொட்டுக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுக்கத் தெரியாமல் இவள் தொட்டுக் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, “மார்க் வராவிட்டால் என்னைத்தானே சொல்வார்கள்” என்று அழுதாள். பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண்மணி தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று இவளிடம் கேட்கச் சொல்லி என்னிடமே வந்து நின்றார். குறி சொல்லும் பெண்ணாக ஒருத்தியை ஆக்க ஊருக்கு ஆறு மாதம் போதும். அவளைத் திருப்பி மாணவியாக்க யாராலும் முடியாது.

ஆகவே தயவுசெய்து இந்த மடலைப் படித்துவிட்டு, பள்ளியில் தியான முகாம் என்று ஏற்பாடு செய்து, மைக் பிடித்த ஒருவரைக் கூட்டி வந்துவிடாதீர்கள். 2024இல் சென்னையில் ஓர் அரசுப் பள்ளிக்குப் பேச வந்த ஒருவர், உடற்குறை முற்பிறவிப் பாவத்தின் விளைவு என்கிற விதமாகப் பிள்ளைகளிடம் பேசினார். அங்கேயே எழுந்து அவரை எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர். அந்த ஆசிரியரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நிமிர்ந்து உட்காரத் தோன்றுகிறது. என் மகளுக்குச் சொற்பொழிவு தேவையில்லை. அவளிடம் இருப்பதே போதும். காலை வழிபாட்டில் பாடச் சொல்வதும் வேண்டாம். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் வழிபாட்டில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28ஆம் பிரிவே சொல்கிறது. மனரீதியாகத் துன்புறுத்துவதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. அந்தச் சட்டம் பதினான்கு வயது வரைதான் என்று யாரேனும் எடுத்துக் காட்டினால், பதினைந்தில் பிள்ளைகளுக்குத் தோல் தடித்துவிடுகிறதா என்று நானும் கேட்பேன்.

மருத்துவரிடம் போனோம். மன அழுத்தம் என்று சொன்ன ஆசிரியரை நான் குறை சொல்லவில்லை. நான்கு பேரில் அவர் சொன்னதுதான் சோதித்துப் பார்க்கக் கூடியதாக இருந்தது. மருத்துவர் என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினார். சாப்பாடு, தூக்கம், தோழிகள், சாக வேண்டும் என்ற எண்ணம் எப்போதாவது வந்ததா என்பது வரை எல்லாம் கேட்டிருக்கிறார். பிறகு என்னைக் கூப்பிட்டு, “நோய் எதுவும் தெரியவில்லை. ஆனால் சாப்பாடு குறைந்தாலோ, தூக்கம் கெட்டாலோ, பிடித்தவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டாலோ, நாள் பார்க்காமல் அழைத்து வாருங்கள்” என்றார். அரவேணுக்காரரின் பையனுக்கும் இதைத்தான் சொல்வேன். மௌனமெல்லாம் தியானம் ஆகிவிடாது. சில பிள்ளைகள் உதவி கேட்கத் தெரியாமல் மௌனமாக இருக்கிறார்கள். ஆசிரியர் அறையிலும் மாணவர் தகவல் பலகையிலும் 14416, 14417 என்ற இரண்டு எண்களையும் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். முன்னது மனநல உதவிக்கு, பின்னது கல்வித் துறையின் உதவி எண்.

எங்கள் தொழிற்சாலையில் பறித்து வந்த பச்சைக் கொழுந்தை உடனே இயந்திரத்தில் போடுவதில்லை. நீளமான தொட்டியில் பரப்பி, அடியிலிருந்து காற்று விட்டு, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் அப்படியே கிடக்க விடுவோம். இலை தன் ஈரத்தில் ஒரு பங்கை விட்டுத் துவண்டு வரும். இதற்கு ‘வாட்டுதல்’ என்று பெயர். வாட்டாத இலையை அரைத்தால் தூள் சரியாக வராது, கோப்பையில் பச்சை வாடை அடிக்கும். வெளியாள் யாராவது சுற்றிப் பார்க்க வந்தால் இந்த இடத்தில்தான், “இங்கே ஒன்றும் நடக்கவில்லையே” என்று கேட்பார்கள். மேலாளர் அலுக்காமல் விளக்குவார். அரவை வேகமாக நடக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எத்தனை தடவை போன் வந்தாலும் தொட்டியின் நேரத்தில் மட்டும் அவர் கை வைக்க மாட்டார். பள்ளியிலும் வாட்டுகிறீர்கள், ஒப்புக்கொள்கிறேன். அது வேறு வாட்டுதல்.

என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமையின் அந்தக் கடைசிப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள். அதில் யாரும் பாடமும் நடத்த வேண்டாம், நீதியும் போதிக்க வேண்டாம். படிக்கிறவள் படிக்கட்டும், வரைகிறவள் வரையட்டும், ஜன்னலைப் பார்க்கிறவள் பார்க்கட்டும். நாற்பது நிமிடம் பேசாமல் இருப்பது என் மகளைவிடப் பின்பெஞ்சுப் பையனுக்குக் கடினமாக இருக்கும், ஆனால் அவனுக்குத்தான் அதிகம் தேவைப்படுகிறதோ என்னவோ. காலையில் எட்டரைக்குத் தாவரவியல் ஆய்வகத்தின் கதவைத் திறந்து வைத்தால் அவள் பதினைந்து நிமிடம் அங்கே உட்கார்ந்துகொள்வாள். அங்கேயுள்ள பெரணிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையையும் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறாள். இது செலவில்லாத காரியம்.

மதிப்பெண்ணில் சலுகை வேண்டாம். அரையாண்டில் 600க்கு 431 வாங்கியிருக்கிறாள், கணிதத்தில் சறுக்கியிருக்கிறாள். அதற்கு மற்றப் பிள்ளைகளைத் திட்டுவது போல அவளையும் திட்டுங்கள். வீட்டில் நானும் திட்டியாகிவிட்டது. ‘தியானம் செய்கிறாயே, கணக்கு வரவில்லையா?’ என்று மட்டும் கேட்க வேண்டாம்.

நம் மலைக்கு இதெல்லாம் புதிதும் அல்ல. நீலகிரியில் 1923இல் நாராயண குருகுலத்தைத் தொடங்கியவர், ஸ்ரீ நாராயண குருவின் சீடர் நடராஜ குரு. அவர், பாரிஸில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்த பொருளே கல்வியில் தனிமனித அம்சத்தின் பங்கு பற்றியதுதான். நூறு ஆண்டுக்கு முன்னால் இந்தக் குளிரில் உட்கார்ந்து ஒருவர் யோசித்ததை, பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நாமும் ஒரு கூட்டத்தில் அரை மணி நேரம் யோசிக்கலாம். அடுத்த கூட்டத்தின் பொருள் நிரலில் இதைச் சேர்க்கும்படி முறையாகக் கேட்டுக்கொள்கிறேன். கழிப்பறைத் தண்ணீருக்கு அடுத்ததாக வைத்தாலும் சரி.

அவள் பக்கத்திலிருந்தும் ஒன்றை ஒப்புக்கொண்டிருக்கிறாள். வருகைப்பதிவின்போது முப்பத்துமூன்று மூச்சு எண்ணுவதை அவள் கைவிடப்போவதில்லை. ஆனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே எண்ணப் பழகுகிறாள். இந்த ஒரு மாதமாக வீட்டில் நான் எடைச்சீட்டுப் பெயர்களை வரிசையாக வாசிக்க, அவள் முப்பத்துநான்காவது பெயருக்கு ‘உள்ளேன்’ என்கிறாள். நேற்று தவறவில்லை. முந்தாநாள் தவறினாள். பள்ளியிலும் என்றைக்காவது தவறினால், குறுஞ்செய்தி அனுப்புவதற்கு முன்னால் அவளுடைய பெஞ்சை விரலால் ஒரு தடவை தட்டுங்கள் அம்மா. திரும்பிப் பார்ப்பாள்.

இப்படிக்கு,
பதினொன்றாம் வகுப்பு, வரிசை எண் 34இன் அம்மா
கோத்தகிரி

பி.கு.: திருப்புதல் தேர்வு வினாத்தாள் கட்டணம் நூற்றைம்பது ரூபாய் இன்னும் கட்டவில்லை. திங்கட்கிழமை அவளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.